பார்க்கிங் காசு எந்தத் தெருவுக்குப் போகுது? - மதுரை டவுனும் விளக்குத்தூண் கணக்கும்!

மதுரைக்காரர்கள் "டவுனுக்குப் போறோம்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகள். கே.கே.நகரில் குடியிருப்பவரும் அதைத்தான் சொல்வார், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கப்பலூர்க்காரரும் அதைத்தான் சொல்வார். துணி எடுக்க விளக்குத்தூண், நகைக்குத் தெற்காவணி மூல வீதி, மளிகையை மொத்தமாக வாங்கக் கீழமாசி வீதி, பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு என்று எதற்கு எங்கே போக வேண்டும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தெரியாதது ஒன்றே ஒன்றுதான். வண்டியை எங்கே நிறுத்துவது?

ஜாக்கெட் பிட் எடுக்கக் கால் மணி நேரம், அதற்கு வண்டி நிறுத்த அரை மணி நேரம் என்று புலம்பாத வீடு இந்த ஊரில் இருக்காது. ஒரு சந்துக்குள் நுழைவோம், எதிரே லோடு ஆட்டோ நிற்கும். ரிவர்ஸ் எடுத்து அடுத்த வீதிக்குப் போனால் அது ஒன்வே. சுற்றி வந்து பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தால், முன்பு காலியாக இருந்த ஓரத்தில் இப்போது இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார். "பேசாம பைபாஸ் ரோட்டுக் கடைக்கே போயிருக்கலாம்ல?" என்ற குரல் பின்சீட்டிலிருந்து வரும்.

மதுரை டவுனின் பிரச்னை அந்தக் குரல்தான்.

இதற்கு மருந்தாக ஒவ்வொரு முறையும் பேசப்படுவது பார்க்கிங் கட்டணம். பேச்சு எழுந்தவுடனேயே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "காசு வாங்கினாத்தான் ஒழுங்கு வரும்" என்பது ஒரு தரப்பு. "ஏற்கெனவே கூட்டம் குறைஞ்சு போச்சு, காசும் வாங்கினா எவன் வருவான்?" என்பது கடைக்காரர்கள் தரப்பு. இரண்டு பக்கமும் 'எவ்வளவு' என்பதைப் பற்றித்தான் சண்டை. வாங்கிய காசு எங்கே போகிறது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், அதைப் பேசாமல் எவ்வளவு என்று முடிவு செய்யவே முடியாது.

கோட்டையை இடித்த மக்களுக்குக் கிடைத்த கூலி

கொஞ்சம் பின்னால் போகலாம். இன்றைக்கு நாம் சுற்றிச் சுற்றி வரும் வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும் அதையொட்டி அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊருக்குள் ஜனம் பெருகி மூச்சு முட்டியது. அகழியில் தேங்கிய நீர் நோய்களுக்குக் காரணமாகக் கருதப்பட்டது. அப்போது, அதாவது 1830-40களில், மதுரை ஆட்சியராக இருந்தவர் ஜான் பிளாக்பர்ன். கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரிவாக்க முடிவெடுத்தார். அத்தனை பெரிய வேலைக்குப் பணம்?

அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. சுவரை இடித்து அகழியை மூடுபவர்களுக்கு, அப்படி மூடிய இடத்திலேயே மனை கிடைக்கும். யார் உழைத்தார்களோ அவர்கள் கண் முன்னாலேயே பலன். வேலை நடந்தது, புது வீதிகள் பிறந்தன. அந்தப் பணியை நடத்திக்கொடுத்த நில அளவையாளர் பெயரில் மாரட் வீதியும், மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் இருக்கின்றன. மக்கள் நன்றியாக அந்த ஆட்சியருக்கு ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். அதுதான் விளக்குத்தூண்! தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் நாம் நெரிசலில் திட்டிக்கொண்டே கடக்கும் அதே கம்பம்.

வெள்ளைக்கார ஆட்சியருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிப்பது என் நோக்கமில்லை. கோட்டை இன்றைக்கு இருந்திருந்தால் அதைப் பார்க்கவே பத்து நாட்டிலிருந்து ஆள் வந்திருப்பார்கள் என்று அங்கலாய்ப்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த ஏற்பாட்டை. கொடுப்பவருக்குப் பலன் கண்ணில் தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய டவுனுக்கு வருவோம்.

ஒவ்வொன்றாக வெளியே போனது

1999இல் மாட்டுத்தாவணி ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் வந்தது. வெளியூர் பஸ்கள் அங்கே போயின. 2010இல் வடக்காவணி மூல வீதிப் பக்கம் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டும் மாட்டுத்தாவணிக்கே போனது. இரண்டும் தேவையான முடிவுகள்தாம். விடியற்காலையில் காய்கறி லாரிகள் கோயில் வாசல் வரை வந்து நின்ற காலத்தை நினைத்தால் யாரும் அதைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆனால் பஸ் மாற இறங்கி, அப்படியே பத்து நிமிடம் கடைவீதியில் நடந்து எதையாவது வாங்கிக்கொண்டு போன ஒரு கூட்டமும், காய் வாங்க வந்தவர் அப்படியே மளிகையும் வாங்கிய பழக்கமும் அதோடு போயின.

பிறகு ஸ்மார்ட் சிட்டி. 2016 செப்டம்பரில் மத்திய அரசின் பட்டியலில் மதுரை சேர்ந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டு இடிக்கப்பட்டது, மாசி வீதிகளும் வெளி வீதிகளும் தோண்டப்பட்டன, சித்திரை வீதிகளில் கல் பதிக்கப்பட்டது. நடுவில் கொரோனா ஊரடங்கும் வந்து சேர்ந்தது. கடை வாசலில் பள்ளம், வாசலைத் தாண்டினால் ஊரடங்கு என்று டவுன் வியாபாரிகள் பட்ட பாடு சின்னதல்ல. பெரியார் பஸ் ஸ்டாண்டு 2021 இறுதியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது.

அந்த இடைவெளியில் ஊர் பழகிவிட்டது. அண்ணா நகர், கே.கே.நகர், பைபாஸ் ரோடு, மாட்டுத்தாவணி என்று நாலா பக்கமும் பெரிய பெரிய கடைகள். அடித்தளத்தில் பார்க்கிங், ஏசி, லிப்ட், கழிப்பறை. அங்கே பார்க்கிங்கும் உண்மையில் இலவசம் இல்லை, புடவை விலையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. ஆனால் தனியாக டோக்கன் கிழிக்காததால் நமக்குத் தெரிவதில்லை.

டவுன் செத்துவிடவில்லை. நகையும் ஜவுளியும் இன்னும் அங்கேதான். முகூர்த்த நாள் நெருங்கினால் தெற்காவணி மூல வீதியில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஐயப்ப சீசனில் சபரிமலை பக்தர்கள் கூட்டம் வேறு. ஆனால், விசேஷத்துக்கு மட்டும் போகும் இடமாக ஒரு கடைவீதி மாறிவிட்டால், மீதி நாள்களுக்கு வாடகை யார் கொடுப்பது?

கப்பலூரிலிருந்து ஒரு கணக்கு

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர், திருமங்கலத்தில் வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சீருடையும் வீட்டுக்குக் கொஞ்சம் பாத்திரமும் வாங்க டவுனுக்குக் கிளம்புகிறார்கள். நாலு பேர், பைகளோடு திரும்ப வேண்டும், அதனால் கார்.

வழியில் கப்பலூர் சுங்கச்சாவடி. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி (2008), நகராட்சி எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் பொதுவாகச் சாவடி இருக்கக் கூடாது. கப்பலூர் சாவடியோ திருமங்கலம் நகராட்சியை ஒட்டியே நிற்கிறது. அதனால்தான் இத்தனை வருடப் போராட்டம். 2024 ஜூலையில் உள்ளூர் வாகனங்களும் கட்டணம் கட்ட வேண்டும் என்று வந்தபோது திருமங்கலம், கப்பலூர் பக்கம் எவ்வளவு கொதித்தது என்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கோபத்தைக் கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கன்னியாகுமரிக்குப் போகிறவருக்கு நாலு வழிச்சாலையால் நேரம் மிச்சம். அவர் கட்டுவதில் பொருள் இருக்கிறது. பக்கத்து ஊருக்கு மருந்து வாங்கப் போகிறவருக்கு என்ன மிச்சம்? கொடுக்கிற காசுக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது ஐந்து ரூபாயும் அநியாயமாகத்தான் தெரியும்.

இந்த மனநிலையோடுதான் அவர் டவுனுக்குள் நுழைகிறார். அங்கே இன்னொருவர் கையில் டோக்கன் கட்டோடு நின்றால் எப்படி இருக்கும்? அதனால் காரை வெளி வீதியில் எங்காவது 'நோ பார்க்கிங்' போர்டுக்குக் கீழேயே ஓரங்கட்டிவிட்டு, போலீஸ் வருவதற்குள் வாங்கிவிடலாம் என்று குடும்பமே ஓட வேண்டியதாகிறது. நிம்மதியாக ஒரு ஜிகர்தண்டா குடிக்கக்கூட நேரமில்லை. இதில் நஷ்டம் கடைக்காரருக்கும்தான்.

ஒரு காரின் இடத்தில் ஒரு கடை

இப்போது மறுபக்கம். தெருவோரம் நிறுத்துவது 'இலவசம்' என்கிறோம். ஒரு கார் நிற்க சுமார் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். பன்னிரண்டரை சதுர மீட்டர், ஏறக்குறைய 135 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி கடை ஒன்றைவிடப் பெரியது! தெற்கு மாசி வீதியில் அந்த அளவுக் கடைக்கு அட்வான்ஸ் எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள். அதே அளவு இடத்தை, வாசலுக்கு இரண்டடி வெளியே, நாள் முழுக்கச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்று சொல்கிறது.

அந்த இடத்தில் மல்லிகைப்பூக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்தால் அது ஆக்கிரமிப்பு, எழுந்துபோகச் சொல்வார்கள். சாலையோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014இல் சட்டமே வந்த பிறகும் இதுதான் நிலை. ஒருவர் காரை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் சினிமா பார்க்கப் போனால் அதற்குப் பெயர் பார்க்கிங்!

சரி, தெருவோரத்தில் நாள் முழுக்க நிற்பவை யாருடைய வண்டிகள்? காலை பத்து மணிக்குக் கடை திறப்பதற்கு முன் எந்தக் கடைவீதியில் நின்று பார்த்தாலும் தெரியும். பெரும்பாலும் அந்தந்தக் கடைக்காரர்கள், அங்கே வேலை பார்ப்பவர்களின் டூ வீலர்கள். காலையில் வந்து நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் எடுப்பார்கள். பதினோரு மணி நேரம். அதே இடத்தில் முக்கால் மணி நேரத்துக்கு ஒருவராக வாடிக்கையாளர்கள் வந்து போனால் பதினான்கு பேர் நிறுத்தலாம். அதாவது ஒரு முதலாளியின் பைக், பதினான்கு வாடிக்கையாளரின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "பார்க்கிங் இல்லை, கூட்டம் வரவில்லை" என்ற புகாரின் ஒரு பகுதிக்குச் சாவி அவர்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது.

ஊழியர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மாதச் சம்பளத்தில் ஸ்டாண்டுக்குத் தினமும் அழ முடியாது. அவர்களுக்கு மாதப் பாஸ் மலிவாகக் கிடைத்தால் வண்டி தானாக உள்ளே போகும்.

உள்ளே என்றால்? இடம் இருக்கிறது. பழைய சென்ட்ரல் மார்க்கெட் நிலத்தில் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் எழுந்திருக்கிறது. சுமார் 110 கார்களும் 1,400 டூ வீலர்களும் நிற்கலாம் என்பது திட்டம். பெரியார் பஸ் ஸ்டாண்டு வணிக வளாகத்தின் அடித்தளத்திலும் பார்க்கிங் உண்டு. இங்கேதான் கணக்கு தலைகீழாக நிற்கிறது. கடை வாசலில் நிறுத்தினால் பைசா இல்லை, அதிகபட்சம் எப்போதாவது ஒரு அபராதம். ஒழுங்காகக் கட்டடத்துக்குப் போய், டோக்கன் வாங்கி, அங்கிருந்து நடந்தால் கட்டணம். வசதியான இடம் இலவசம், தூரமான இடத்துக்குக் காசு! எந்த ஊரில் பால்கனி டிக்கெட்டைச் சும்மா கொடுத்துவிட்டுத் தரை டிக்கெட்டுக்குக் காசு வாங்கினார்கள்?

பாசடீனாவில் நடந்தது

இந்தத் தலைகீழ்க் கணக்கைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர் அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். இலவச பார்க்கிங்குக்கு ஒரு நகரம் கொடுக்கும் பெரும் விலை பற்றி 2005இல் பெரிய புத்தகமே போட்டார். 2025 பிப்ரவரியில் காலமானார். ஒவ்வொரு தெருவிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்குத்தான் கட்டணம் இருக்க வேண்டும், அதற்கு மேலும் வேண்டாம் கீழும் வேண்டாம் என்பது அவர் வாதம். இடம் தேடிச் சுற்றும் வண்டிகளே நெரிசலில் பெரும்பங்கு என்பதையும் விடாமல் சொன்னவர். நம் மாசி வீதிகளில் ஒரு சனிக்கிழமை மாலை நின்றால் அவர் சொன்னது புரியும்.

அவர் அடிக்கடி சொல்லும் உதாரணம், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலுள்ள பாசடீனா நகரின் பழைய கடைவீதி. நல்ல கட்டடங்கள், ஆனால் சீந்த ஆளில்லாமல் கிடந்த இடம். 1993இல் மீட்டர் வைத்து மணிக்கு ஒரு டாலர் வாங்கப்போவதாக நகராட்சி சொன்னது. கடைக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம் ஊர்க் கடைக்காரர்கள் சொன்னதேதான். அதுவரை அங்கே நிறுத்தியிருந்தவையும் பெரும்பாலும் ஊழியர்களின் கார்கள்!

பேச்சுவார்த்தையைத் திருப்பியது ஒரு வாக்குறுதி. மீட்டரில் விழும் காசு நகராட்சியின் பொதுக் கஜானாவுக்குப் போகாது, அதே வீதிக்கே செலவாகும். சொன்னபடி, வரப்போகும் வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்கி நடைபாதை, விளக்கு, மரம், பின்சந்துகள் எல்லாவற்றையும் முதலில் சீர்செய்தார்கள். தெரு சுத்தமானது, நடக்க ஆள் வந்தார்கள், கடைகள் திறந்தன. 2001 வாக்கில் அந்தச் சின்ன வட்டாரத்தில் மட்டும் மீட்டர் வருமானம் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

அகழியை மூடியவருக்கு அங்கேயே மனை கொடுத்த அதே ஏற்பாடுதானே இது?

பாசடீனா வேறு, மதுரை வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அங்கே கார்தான் எல்லாம், இங்கே டூ வீலரும் ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும். நம் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் சென்னை பாண்டி பஜார். 2019 நவம்பரில் அகல நடைபாதையோடு திறந்தபோது, வண்டி நிற்கும் இடம் குறைந்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. இன்று மாலை நேரத்தில் அந்த நடைபாதையில் குழந்தைகள் ஓடுவதைப் பார்க்கலாம். சென்னையின் தெருவோர பார்க்கிங்கில் அதே காலத்தில் வைத்த கட்டணம் காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூ வீலருக்கு 5 ரூபாய்.

ஒரு வீதியின் வருமானம்

ஒரு பேச்சுக்கு அந்தச் சென்னைக் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாசி வீதியில் 300 டூ வீலர் நிற்க முறையாகக் கோடு போட்ட இடம். நாளில் சராசரியாக ஆறு மணி நேரம் நிரம்பியிருந்தால் ஒரு நாளைக்கு 9,000 ரூபாய். வருடத்துக்கு 300 நாள் என்றால் 27 லட்சம். ஒரு வீதியில், டூ வீலரில் மட்டும்.

27 லட்சத்துக்கு என்ன வரும்? எனக்கு முதலில் தோன்றுவது கழிப்பறை. என் அம்மா டவுனுக்குத் துணி எடுக்கக் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். கேட்டால், "அங்க எங்க போறது?" என்பார். இதைப் படிக்கும் பெண்களில் எத்தனை பேர் தலையாட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மால்களோடு டவுன் தோற்பது விலையில் இல்லை, டவுனில்தான் மலிவு. தோற்பது இதில்தான். சுத்தமான, பூட்டிக்கிடக்காத, உள்ளே விளக்கு எரிகிற பெண்கள் கழிப்பறை வீதிக்கு இரண்டு. முதியவர்கள் உட்கார நிழலில் பெஞ்சு. கோயில் பக்கமிருந்து விளக்குத்தூண் வரை வயதானவர்களை ஏற்றிப்போக ஒரு பேட்டரி வண்டி. இதெல்லாம் பார்க்கிங் காசில் வந்தது என்று அங்கேயே எழுதி வைத்தால், அடுத்த முறை டோக்கன் வாங்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தாலும் கொஞ்சமாகச் சுளிப்பார்கள்!

இன்னொரு அவசரமும் இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. பதித்த கல்லைப் பராமரிக்க, எரியாத விளக்கை மாற்ற டெல்லியிலிருந்து அந்தப் பெயரில் இனிப் பணம் வராது.

எனக்கு இதில் தயக்கமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரிய தயக்கம் குத்தகைமுறை. ஸ்டாண்டை ஏலம் விட்டு, எடுத்தவர் ஆளை நிறுத்தி வசூலிக்கும் முறையில், போர்டில் ஒரு கட்டணமும் வாயில் ஒரு கட்டணமும் இருப்பது தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் புதிதல்ல. நானே ஒரு ஸ்டாண்டில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) டோக்கன் கேட்டதற்கு, "வண்டி வேணுமா, டோக்கன் வேணுமா?" என்ற பதிலை வாங்கியிருக்கிறேன். ரசீது இல்லாத காசு எந்தத் தெருவுக்கும் திரும்பி வராது. யுபிஐயில் வாங்கி, மாதாமாதம் கணக்கைப் போர்டில் எழுதும் வரை வியாபாரிகளின் சந்தேகம் நியாயமான சந்தேகம்தான்.

இரண்டாவது தயக்கம், சரக்கு இறக்குபவர்கள். கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் தொழிலாளிக்கும் லோடு ஆட்டோக்காரருக்கும் மணிக்கணக்கில் கட்டணம் என்றால் வயிற்றில் அடிப்பது போல. அவர்களுக்குக் காலையில் தனி நேரம் ஒதுக்கி, கட்டணமில்லாமல் விடுவதுதான் சரி.

பஸ்ஸில் வருபவருக்கு பார்க்கிங் இல்லை

இத்தனை நேரம் வண்டியைப் பற்றியே பேசிவிட்டோம். வண்டியில்லாமல் வருபவர்களை யார் நினைக்கிறார்கள்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திருமங்கலத்தில் ஏறினால் கப்பலூர், திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம் வழியாகப் பெரியாரில் இறங்கலாம். சுங்கம் இல்லை, டோக்கன் இல்லை. அங்கிருந்து விளக்குத்தூண் நடக்கிற தூரம், இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடம்தான் சோதனை. நடைபாதையில் பைக், பைக்கைத் தாண்டி ரோட்டில் இறங்கினால் ஆட்டோ, கையில் பை, இன்னொரு கையில் குழந்தை. பார்க்கிங்கை ஒழுங்குபடுத்துவதில் முதல் லாபம் கார்க்காரருக்கு அல்ல, இப்படி நடந்து வரும் பெண்ணுக்கு. மேலமாசி வீதியில் நடைபாதை நடைபாதையாக இருந்தாலே டவுனுக்குப் பாதி உயிர் வந்துவிடும் என்பது என் கட்சி.

மெட்ரோ வந்திருந்தால் கதை வேறு. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை, டவுனைத் தொட்டுச் செல்லும் சுமார் 32 கிலோமீட்டர் திட்டம். 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அரசியல் சண்டை தொடரட்டும். தண்டவாளம் வரும்வரை கப்பலூர்க்காரருக்கு டவுன் பஸ்தான் மெட்ரோ. அது ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் நிறைய ஓட வேண்டும். கடைவீதிக்கு மக்கள் கிளம்புவதே அப்போதுதான்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று

உங்கள் வீதி ஸ்டாண்டின் கணக்கு உங்களுக்கு வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். கேள்விகளைச் சுருக்கமாகக் கேளுங்கள். இந்த ஸ்டாண்டின் குத்தகைத் தொகை எவ்வளவு, எந்தத் தேதி வரை? அனுமதிக்கப்பட்ட கட்டணம் மணிக்கு எவ்வளவு, மாதப் பாஸ் உண்டா? கடந்த மூன்று ஆண்டுகளில் பார்க்கிங் மூலம் வந்த வருமானம் எவ்வளவு, அதில் இதே வார்டுக்குச் செலவானது எவ்வளவு? முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.